தினம் ஒரு ரீல்... லாபம் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒயிட் டவுன் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மஞ்சள் சுவர், மேலே காகிதப்பூக் கொடி, பக்கத்தில் ஒரு பழைய மரக்கதவு. அதற்கு முன்னால் ஒரு வரிசை. கோயில் வரிசை இல்லை, ரேஷன் கடை வரிசையும் இல்லை. ரீல் எடுக்கிற வரிசை! ஒருவர் நடந்து வந்து திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அவர் நகர்ந்ததும் அடுத்தவர் அதே இடத்தில் நடந்து வந்து, அதே மாதிரி திரும்பிப் பார்த்து, அதே மாதிரி சிரிப்பார். பாட்டு மட்டும் அந்தந்த வாரத்து ஹிட்.

"ஏன் ப்ரோ இதே சுவரு? முந்தாநாள் நாலு பேர் இதையேதானே போட்டாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் ரெடியாக இருக்கும். "டெய்லி ஒரு போஸ்ட் போட்டே ஆகணும் ப்ரோ. கன்சிஸ்டென்சி முக்கியம். ஒரு நாள் விட்டா ரீச் போயிடும்."

இந்த மூன்று வாக்கியமும் இன்றைக்கு வேதவாக்கு. ஃபீஸ் வாங்கிக்கொண்டு சோஷியல் மீடியா கிளாஸ் எடுக்கிறவர் சொல்கிறார். அவரிடம் படித்தவர் கேண்டீனில் உட்கார்ந்து நாலு பேருக்குச் சொல்கிறார். அந்த நாலு பேரும் அன்று மதியமே கிளாஸை கட் அடித்துவிட்டு ராக் பீச்சுக்குக் கிளம்புகிறார்கள். "ஏன் தினமும்? யார் வைத்த கணக்கு?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. காமர்ஸ் படிக்கிற பிள்ளைகள்கூடக் கேட்பதில்லை என்பதுதான் கொடுமை. டெபிட் எது, கிரெடிட் எது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்கு, சொந்த உழைப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

சரி, கேட்டுப் பார்த்துவிடலாம்.

தவறாமல் வேறு, தினமும் வேறு

முதல் குழப்பமே வார்த்தையில் இருக்கிறது. கன்சிஸ்டென்சி என்றால் சொன்னபடி தவறாமல் செய்வது. தினமும் செய்வது என்று அதற்கு அர்த்தமே கிடையாது.

மாசிமகம் வருஷத்துக்கு ஒரு முறைதான். "ஒரு வருஷம் கேப் விட்டாங்க, மறந்துட்டோம்" என்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு யாராவது வராமல் இருக்கிறார்களா? சன்டே மார்க்கெட் வாரத்துக்கு ஒரு நாள்தான். அன்றைக்கு காந்தி வீதியில் நடக்க இடம் கிடைக்கிறதா? பால்காரர் தினமும் வருகிறார். ஒன்று வருஷத்துக்கு, ஒன்று வாரத்துக்கு, ஒன்று தினத்துக்கு. மூன்றுமே கன்சிஸ்டென்ட்தான். எப்போது வரும் என்று ஜனங்களுக்குத் தெரியும். நம்பி வருகிறார்கள், ஏமாறாமல் திரும்புகிறார்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

பால் ஒரு நாளில் கெட்டுவிடும் என்பதால் தினமும் வருகிறது. திருவிழாவுக்குச் சாமிகள் பல ஊர்களிலிருந்து வந்து சேரவேண்டும் என்பதால் வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது. எத்தனை நாளுக்கு ஒரு தரம் என்பதைப் பொருளின் குணம்தான் முடிவு செய்கிறது. இப்போது என்ன நடக்கிறது என்றால், ஒரு ஆப் முடிவு செய்கிறது, மனிதர்கள் தலையாட்டுகிறார்கள்.

காஸ்டிங் போட்டுப் பார்த்தால்...

பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சன்டே மார்க்கெட்டில் பழைய புத்தகம் விற்கிற ஒருவரைப் பற்றி ஒரு நிமிஷ வீடியோ எடுக்கிறான். போய் வர, அவரோடு பேச, என்ன விலை, எங்கிருந்து வாங்குகிறார், எத்தனை வருஷமாகக் கடை போடுகிறார் என்று விசாரிக்க ஒன்றரை மணி நேரம். படம் பிடிக்க ஒரு மணி. எடிட்டிங் ஒன்றரை மணி. எழுத்து, தலைப்பு, பதில் சொல்வது என்று இன்னொரு அரை மணி. மொத்தம் நாலரை மணி நேரம்.

வாரத்துக்கு ஒன்று என்றால் நாலரை மணி நேரம். கஷ்டப்பட்டால் முடியும். தினமும் என்றால் ஏழு நாளுக்கு முப்பத்தொன்றரை மணி நேரம். தினம் ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் கல்லூரி என்றால் இருபத்தைந்து மணிதான். ஆக, தினம் ஒரு நல்ல வீடியோ என்பது கல்லூரியை விடப் பெரிய வேலை. சம்பளம் மட்டும் இல்லை :-)

யாராலும் அது முடியாது. அதனால் என்ன செய்கிறார்கள்? நாலரை மணியை முக்கால் மணியாக வெட்டுகிறார்கள். எந்தச் செலவை முதலில் வெட்டுகிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். எடிட்டிங்கை வெட்டுவதில்லை, அதற்கு டெம்ப்ளேட் இருக்கிறது. படம் பிடிப்பதை வெட்ட முடியாது. வெட்டுப்படுவது அந்த முதல் ஒன்றரை மணி நேரம். கடைக்காரரோடு பேசுவது. விலை விசாரிப்பது. சொன்னது சரியா என்று இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. அதாவது, அந்த வீடியோவில் வேறு யாரிடமும் கிடைக்காத பகுதி எதுவோ அதுதான் முதலில் போகிறது. மிச்சம் இருப்பது சுவரும் பாட்டும். அது எல்லோரிடமும் இருக்கிறது.

ஒரே சுவர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்பது அல்ல. முக்கால் மணி நேரத்தில் எடுக்க முடிந்தது அந்தச் சுவர் மட்டும்தான்.

வருஷத்துக்கு 365 பெஸ்ட் பிரியாணி

சாப்பாட்டு ரீல்களைப் பாருங்கள். திங்கட்கிழமை "பாண்டியிலேயே பெஸ்ட் பிரியாணி". செவ்வாய்க்கிழமை வேறு கடை, அதுவும் "பாண்டியிலேயே பெஸ்ட்". புதன்கிழமை "இத மிஸ் பண்ணிடாதீங்க". தினம் ஒன்று என்றால் வருஷத்துக்கு 365 பெஸ்ட். எத்தனை பெஸ்ட் இருக்க முடியும் ஒரு ஊரில்?

சுமாரான கடையைச் சுமார் என்று சொல்ல இவர்களால் முடியாது. நாளைக்கு இன்னொரு கடைக்காரர் உள்ளே விடவேண்டுமே! நாளைய போஸ்ட்டுக்காக இன்றைய உண்மையை அடகு வைக்கிறார்கள். நம்பிப் போய் முந்நூறு ரூபாய் கொடுத்துச் சாப்பிட்டு ஏமாந்தவர் அடுத்த முறை அந்தப் பக்கத்தைப் பார்ப்பார், சிரிப்பார், தள்ளிவிடுவார். ஃபாலோயர் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாது. நம்பிக்கை மட்டும் போயிருக்கும்.

அக்கவுண்ட்ஸில் இதற்குப் பெயர் குட்வில். ஒரு விசித்திரம் கவனித்திருப்பீர்கள். ஏ.எஸ். 26 என்கிற கணக்கியல் தரநிலைப்படி, ஒரு நிறுவனம் தானாகச் சம்பாதித்த குட்வில்லை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக் கூடாது. ஆனால் கடையை விற்கும்போது வாங்குகிறவர் அதற்கும் சேர்த்துத்தான் விலை தருகிறார். போன் திரையில் தெரிகிற லைக், ஃபாலோயர், வியூ எல்லாம் பேலன்ஸ் ஷீட் மாதிரி. நம்பிக்கை அதில் தெரியாது. தெரியாததால் இல்லை என்று நினைத்து, தெரிகிற எண்களுக்காக அதைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள். முதலைத் தின்று லாபம் காட்டுகிற கம்பெனிக்கு என்ன ஆகும் என்று முதல் வருஷப் பாடத்திலேயே வந்துவிடுகிறது.

அப்படியானால் லாபம் யாருக்கு?

தினம் ஒரு ரீல் போடுவதில் லாபமே இல்லை என்று யார் சொன்னது? லாபம் இருக்கிறது. போடுகிறவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

இந்த நிறுவனங்கள் விற்பது வீடியோவை அல்ல, வீடியோக்களுக்கு நடுவே வருகிற விளம்பர இடத்தை. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வருமானம் 16,400 கோடி டாலருக்கு மேல். ரூபாய் இல்லை, டாலர். அதில் மிகப் பெரும் பகுதி விளம்பரத்தில் வந்தது. விளம்பரம் வைக்க இடம் வேண்டும். அதற்கு ஜனங்கள் விரலால் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். தள்ளத் தள்ளச் சரக்கு வந்துகொண்டே இருக்கவேண்டும்.

அந்தச் சரக்கை உற்பத்தி செய்கிறவர் யார்? லாஸ்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் உட்கார்ந்து ராத்திரி ஒரு மணிக்கு எடிட் செய்கிற பிள்ளைகள். மூலப்பொருள் செலவு அவர்களுடையது, போன் இ.எம்.ஐ. அவர்களுடையது, டேட்டா ரீசார்ஜ் அவர்களுடையது, அரியர் வைத்த பேப்பரும் அவர்களுடையது. நிறுவனத்துக்கு உற்பத்திச் செலவில் பைசா கிடையாது. நூறு பேர் சலித்துப்போய் விட்டுவிட்டால், புதிதாக இருநூறு பேர் வருவார்கள். இப்படி ஒரு தொழிற்சாலை நடத்த எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்?

"தினமும் போடு" என்பது வளர்ச்சிக்கான அறிவுரை போலத் தெரியும். உள்ளே பார்த்தால் அது உற்பத்தி டார்கெட். டார்கெட் வைக்கிறவர் சம்பளம் தரவேண்டும் என்பது உலக வழக்கம். இங்கே டார்கெட் மட்டும் இருக்கிறது.

நிறுவனங்களின் விதிகளே என்ன சொல்கின்றன?

"அல்காரிதம் அப்படித்தான் கேக்குது, என்ன செய்ய?" என்பார்கள். சரி, யூடியூப்பின் சொந்த விதிகளையே எடுத்துக்கொள்ளலாம்.

யூடியூப் தன் பார்ட்னர் திட்டத்தின் முதல் படிக்கான தகுதிகளை 2023 ஜூனில் தளர்த்தியது. 500 சப்ஸ்கிரைபர் வேண்டும். ஒரு வருஷத்தில் 3,000 மணி நேரம் பார்த்திருக்கவேண்டும் அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 30 லட்சம் வியூ வேண்டும். அதோடு எத்தனை வீடியோ போட்டிருக்கவேண்டும் தெரியுமா? 90 நாளில் மூன்று. முப்பது இல்லை, மூன்று! மாதத்துக்கு ஒன்று. நிறுவனமே தன் எழுத்துபூர்வமான விதியில் கேட்பது அவ்வளவுதான். தினமும் என்பது வெளியே சுற்றுகிற உபதேசம்.

இன்னொன்று. 2012இலேயே யூடியூப் தன் பரிந்துரை முறையை மாற்றிவிட்டது. எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதற்குப் பதிலாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் தந்தது. மூன்று விநாடியில் தள்ளிவிடுகிற முப்பது வீடியோவை விட, கடைசி வரை உட்கார்ந்து பார்க்கிற ஒரு வீடியோ மேல் என்றுதானே அதற்கு அர்த்தம்? 2025 ஜூலையில் இன்னொரு படி போனார்கள். ஒரே அச்சில் வார்த்து மொத்தமாகத் தயாரிக்கிற வீடியோக்களுக்குப் பணம் இல்லை என்பதை விதியில் தெளிவாக்கினார்கள்.

கண்ணெதிரே ஒரு உதாரணமும் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைச் சேர்ந்த வில்லேஜ் குக்கிங் சேனல். 2018இல் ஆரம்பித்தார்கள். 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர், தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் யூடியூப் சேனல். தினமும் போட்டிருந்தால் அந்த மூன்று வருஷத்தில் ஆயிரம் வீடியோ ஆகியிருக்கும். அவர்கள் போட்டது அதில் ஒரு சிறு பகுதிதான். ஒவ்வொன்றிலும் வயல்வெளியில் அடுப்பு மூட்டி, அம்மியில் மசாலா அரைத்து, அண்டா அண்டாவாகச் சமைத்து, சமைத்ததை ஊருக்குப் போடுகிறார்கள். அதை முக்கால் மணி நேரத்தில் செய்ய முடியாது. செய்ய முடியாததால்தான் மற்றவர்களால் அதை எளிதில் காப்பியடிக்கவும் முடியவில்லை.

"தினமும் எழுதி ஜெயிச்சவங்களே இல்லையா?"

இருக்கிறார்கள். மறுத்தால் அது பொய். எழுத்தாளர் ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் 2014 ஜனவரி 1ஆம் தேதி இணையத்தில் எழுத ஆரம்பித்தார். நாளுக்கு ஒரு அத்தியாயம். நாவலுக்கும் நாவலுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. 2020 ஜூலையில் முடித்தபோது 26 நாவல்கள். அதற்கும் முன்னால், கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950இல் ஆரம்பித்து மூன்றரை வருஷம் வாராவாரம் எழுதினார்.

இவர்களை மேற்கோள் காட்டி "பாத்தியா, டெய்லி போடணும்" என்று சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தை மறைக்கிறார்கள். ஜெயமோகன் 2014இல் வெண்முரசைத் தொடங்கும்போது அவர் இருபது வருஷத்துக்கு மேல் எழுதிப் பழகியவர், 'விஷ்ணுபுரம்' போன்ற பெரிய நாவல்களை முடித்தவர். கல்கி அந்த நாவலுக்கு முன்பே 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' என்று இரண்டு சரித்திரத் தொடர்கள் எழுதி முடித்தவர். அவர்களுக்கு அந்த வேகம் பல வருஷ உழைப்பின் வட்டி. முதலே போடாதவர் வட்டியை எதிர்பார்க்கலாமா? தவிர, அவர்கள் போட்டது தனித்தனி போஸ்ட் இல்லை. ஒரே பெரிய வேலையின் துண்டுகள். நேற்றைய அத்தியாயம் இன்றைய அத்தியாயத்தைத் தூக்கி நிறுத்தியது. மஞ்சள் சுவர் ரீல்கள் முப்பதை வரிசையாக அடுக்கினால் என்ன கிடைக்கும்? முப்பது மஞ்சள் சுவர்.

இன்னொரு வகையும் உண்டு. விஷயமே நாளுக்கு நாள் மாறுவது. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரே நாளில் பல முறை எழுதுவார். யாரும் "ரொம்ப போடறார்" என்று சலித்துக்கொள்வதில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அன்றைக்கு ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மறுநாள் ஜனங்களை மீட்க ராணுவம் வந்தது. அந்த ராத்திரி எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று அரை மணிக்கு ஒரு தரம் ஒருவர் போட்டாலும் அது போதாது. அதே வெள்ளத்தின் வீடியோவை சோகப் பாட்டு போட்டு பத்து நாள் கழித்தும் தினம் ஒன்றாகப் போட்டால், ஒன்றே அதிகம். விஷயம் மாறினால் வேகமும் மாறவேண்டும். கணக்கு இவ்வளவு எளிது.

இந்த ஊரில் நடந்த இரண்டு பத்திரிகைகள்

இந்தக் கேள்வி ஒன்றும் போன் வந்த பிறகு பிறந்தது இல்லை. புதுச்சேரி வீதிகளில் நூறு வருஷத்துக்கு முன்பே இதற்கு இரண்டு பதில்கள் கிடைத்திருக்கின்றன.

ஒன்று, அரவிந்தரின் 'ஆர்யா'. 1914 ஆகஸ்ட் 15 அன்று முதல் இதழ். மாதம் ஒரு முறை, 64 பக்கம். கூட ஆரம்பித்த பால் ரிஷார் 1915இல் பிரான்சுக்குத் திரும்பியதும் பெரும்பாலான பக்கங்களை அரவிந்தர் ஒருவரே எழுதவேண்டி வந்தது. 1921 ஜனவரி வரை ஆறரை வருஷம் நடத்தினார். மொத்தம் ஏறக்குறைய 5,000 பக்கம். இன்றைக்கு அவருடைய பெரிய நூல்களாக ஆசிரமத்தில் விற்கிறவற்றில் பல அந்த மாத இதழில் பகுதி பகுதியாக வந்தவைதான். அவற்றில் முக்கியமான 'லைஃப் டிவைன்' நூலை உடனே அச்சுக்குத் தரவில்லை. திருத்தி எழுதி 1939-40இல்தான் புத்தகமாக்கினார். மாதக் கெடு அவரை எழுத வைத்தது. பிறகு எடுத்துக்கொண்ட அவகாசம் எழுத்தைப் பக்குவப்படுத்தியது. அவசரமும் நிதானமும் எதிரிகள் இல்லை. எதற்கு எது என்று பிரித்து வைக்கத் தெரியவேண்டும்.

இரண்டாவது, பாரதியாரின் 'இந்தியா' வாரப் பத்திரிகை. சென்னையில் 1906இல் தொடங்கியது. பிரிட்டிஷ் அரசு நெருக்கியதும் 1908இல் பாரதி புதுச்சேரிக்கு வந்தார், பத்திரிகையும் வந்தது. வாராவாரம் வந்தது. கருத்துப் படங்களோடு வந்தது. தரத்திலும் குறை இல்லை, நாள் தவறியதாலும் நிற்கவில்லை. எதனால் நின்றது? பிரெஞ்சு மண்ணில் இருந்த ஆளைப் பிடிக்க முடியாத பிரிட்டிஷ் அரசு, பத்திரிகை தன் எல்லைக்குள் வருவதைத் தடுத்தது. வாசகர்கள் எல்லாம் அந்தப் பக்கம். தபால் போய்ச் சேரவில்லை என்றால் பத்திரிகை எங்கே நிற்கும்? 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றுபோனது.

எழுதுவது எழுதுகிறவர் கையில். கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொருவர் கையில். இதுதான் இன்றைக்கும் நிலைமை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. தினம் பத்து வீடியோ போட்டவருக்கும் சரி, மாதம் ஒன்று போட்டவருக்கும் சரி, வாசல் ஒரே ராத்திரியில் மூடிக்கொண்டது. தடைக்கான காரணம் சரியா தப்பா என்பது வேறு விவாதம். கேள்வி இதுதான்: வாசல் மூடிய மறுநாள் கையில் என்ன மிச்சம் இருந்தது? கற்றுக்கொண்ட தொழில் இருந்தவர்கள், பெயர் சொன்னால் ஜனங்கள் தேடி வரும் அளவு நம்பிக்கை சம்பாதித்தவர்கள் வேறு இடத்தில் கடை போட்டார்கள். எண்ணிக்கை மட்டும் சேர்த்தவர்களுக்கு எண்ணிக்கையும் போனது.

பாரதிக்கு என்ன மிச்சம் இருந்தது? 'இந்தியா' நின்ற பிறகும் 1918 நவம்பர் வரை அவர் இந்த ஊரில்தான் இருந்தார். 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' எல்லாம் புதுச்சேரி வாசத்தில் பிறந்தவை. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் குடியிருந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். வாரம் தவறாமல் எழுதிய வருஷங்கள் வீண் இல்லை. கையைப் பழக்கியது அந்த வேலைதான். ஆனால் தபால் நின்ற பிறகும் நிற்காமல் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது எது என்று யோசித்துப் பார்த்தால், எதில் நேரத்தைப் போடவேண்டும் என்பது விளங்கும்.

"தரம் தரம்" என்று சும்மா இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

இதுவரை படித்துவிட்டு "அதான் சொன்னேன், தரம்தான் முக்கியம், நல்லா வந்தாத்தான் போடுவேன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு கூட்டம் தயாராக இருக்கும். அவசரப்படவேண்டாம்.

ஒரு வருஷமாக ஒரே குறும்படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருப்பவர். நல்ல கேமரா வாங்கினால்தான் ஆரம்பிப்பேன் என்பவர். பத்து தரம் திருத்தி, பதினோராவது தரம் டெலிட் செய்பவர். இவர்கள் தரத்தைக் காப்பாற்றவில்லை, பயத்தைக் காப்பாற்றுகிறார்கள். வெளியே விடாத சரக்கின் தரத்தை யார் சோதிப்பது? குடோனிலேயே கிடந்து மட்கிப்போன ஸ்டாக்கை உலகத்தரம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை? அரவிந்தருக்கே மாதக் கெடு தேவைப்பட்டது. கல்கிக்கே வாரக் கெடு தேவைப்பட்டது. கெடு இல்லாமல் தானாகவே பழுக்கிற கனி யாரிடமும் இல்லை.

தினமும் போடுகிறவர் ஆப்புக்கு அடிமை என்றால், போடவே போடாதவர் தன் பயத்துக்கு அடிமை. இரண்டு பேருமே கெடுவைத் தாங்களாக வைக்கவில்லை.

சரி, எப்படித்தான் வைப்பது?

கணக்குப் பாடம் படித்தவர்களுக்கு ஐந்து வரி போதும்.

1. ஒன்றே ஒன்று, எதையும் வெட்டாமல் முழுசாகச் செய்து பாருங்கள். விசாரிப்பது, சரிபார்ப்பது உட்பட எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். அதுதான் ஒரு யூனிட்டின் அடக்க விலை.

2. தூக்கம், கல்லூரி, வீட்டு வேலை போக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையாகவே மிச்சம்? பொய் சொல்லாமல் எழுதுங்கள். செமஸ்டர் வரும் மாதங்களுக்குத் தனிக் கணக்கு.

3. இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். வாரத்துக்கு ஒன்று வருகிறதா, பத்து நாளுக்கு ஒன்றா, மாதத்துக்கு ஒன்றா? வருவதை விடக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லாமல் போகும், கரண்ட் போகும், மாமா வீட்டுக் கல்யாணம் வரும்.

4. அந்த நாளை ஊருக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் தவறக் கூடாது. இரண்டை முடித்துக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதை ஆரம்பியுங்கள். இதைத்தான் சேஃப்டி ஸ்டாக் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்.

5. தினமும் ஏதாவது போடாவிட்டால் கை அரிக்கிறதா? அதற்குத்தான் 24 மணி நேரத்தில் மறைந்துபோகிற ஸ்டோரி இருக்கிறது. டீ குடித்தது, மழை பெய்தது எல்லாம் அங்கே. பக்கத்தில் நிற்கவேண்டியது பக்கத்தில் நிற்கட்டும்.

இப்படிச் செய்தால் ஒரு மாதத்தில் பத்தாயிரம் ஃபாலோயர் வருவார்களா? வரமாட்டார்கள். அப்படி யாராவது உறுதி சொன்னால் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாகத்தான் வருவார்கள். ஆனால் ஏமாந்து திரும்பிப் போகமாட்டார்கள். இன்னொன்றும் நடக்கும். வருஷக் கடைசியில் திரும்பிப் பார்த்தால், பெயர் போட்டுக் காட்டக்கூடிய முப்பது நாற்பது வேலைகள் கையில் இருக்கும். ஒரு வேலைக்கு இன்டர்வியூ போனால் எடுத்துக் காட்டலாம். தினம் ஒன்று போட்டவரிடம் 365 இருக்கும். எதைக் காட்டுவது என்று தெரியாமல் நிற்பார்.

இருபது வயதில் கையில் இருக்கிற ஒரே முதலீடு நேரம். கடன் வாங்கினால்கூட பணம் திரும்பக் கிடைக்கும், இது கிடைக்காது. அதை எத்தனை நாளுக்கு ஒரு முறை, எதற்காகச் செலவு செய்வது என்று முடிவெடுக்கிற உரிமையை, முகம் தெரியாத ஒரு கம்பெனியின் நோட்டிஃபிகேஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கு கன்சிஸ்டென்சி என்று பெயர் வைத்துக்கொள்வது வியாபாரமும் இல்லை, கலையும் இல்லை. கூலி இல்லாத வேலை. அதற்குத் தமிழில் வெட்டி வேலை என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.

டிஸ்கி: பால்காரர், பேப்பர் போடுகிறவர், பஸ் டிரைவர், தினமும் சமைக்கிற அம்மாக்கள் ஆகியோருக்கு இந்தப் பதிவு பொருந்தாது. அவர்கள் ஒரு நாள் லீவு போட்டால்தான் தெரியும், உண்மையான ரீச் யாருக்கு என்று :-)